78 வயது அம்மாவுக்கு டயாலிசிஸ்: உடனே தொடங்க வேண்டுமா? யார் முடிவு செய்வது?

தாராபுரத்தான்

அம்மாவுக்கு வயது 78. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரை, இரத்த அழுத்தம். சில ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தோம். எக்கோவில் இதயத்தின் பம்ப் திறன் 40 சதவீதம் என்று இருக்கிறது. போன மாதப் பரிசோதனையில் கிரியாட்டினின் (இரத்தத்தில் தேங்கும் கழிவு) 4.0, ஈ.ஜி.எஃப்.ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறன்) 11, ஹீமோகுளோபின் 7.8. ஓராண்டுக்கு முன் ஈ.ஜி.எஃப்.ஆர் 14 இருந்தது. கால் வீக்கம் உண்டு, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வாந்தி இல்லை. நினைவு தெளிவாக இருக்கிறது. பால் சொசைட்டிக் கணக்கை இன்றும் அவர்தான் பார்க்கிறார், என்னை நம்புவதில்லை.

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். ஐந்து நிமிடம் பேசினார்கள். "கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசிக்கான இரத்தக்குழாய் இணைப்பு) போட்டுவிடுங்கள், அடுத்த வாரமே டயாலிசிஸ் தொடங்கலாம், வாரம் மூன்று முறை" என்று எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து கோவைக்கு ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் ஆகும். அம்மா காரில் ஏறினாலே குமட்டல் வந்துவிடும்.

தம்பி டெட்ராய்ட்டில் இருக்கிறான். "செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், நாளைக்கே ஆரம்பியுங்கள்" என்கிறான். அக்கா, "இந்த வயதில் அம்மாவை ஊசியால் குத்தி வதைக்க வேண்டாம்" என்று அழுகிறார். அம்மாவிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. "உப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

மயிலைவாசி

தம்பி சொல்வதுதான் சரி. என் அப்பாவுக்கு 74 வயதில் டயாலிசிஸ் தொடங்கினோம். அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள் இருந்தார். பேரனின் பூணூலுக்கு மேடையில் உட்கார்ந்தார், கபாலி கோயில் தேருக்கு வந்தார். அன்றைக்கு "வயதாகிவிட்டது, விட்டுவிடலாம்" என்று நாங்கள் நினைத்திருந்தால் இது எதுவும் கிடைத்திருக்காது. யோசித்துக்கொண்டே இருந்து நாளைக் கடத்தாதீர்கள்.

நெஃப்ரோ மதுரை

சிறுநீரக மருத்துவன். உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை; ஆகவே இது பொதுவான பேச்சு, மருந்துச் சீட்டு ஆகாது.

முதலில் ஒன்று. ஃபிஸ்டுலா போடுவதும் அடுத்த வாரமே டயாலிசிஸ் தொடங்குவதும் ஒன்றோடொன்று சேராது. தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்த பிறகு அந்தச் சிரை தடித்து ஊசி தாங்கும் அளவுக்கு வர ஆறு வாரமாவது ஆகும். சர்க்கரை நோயுள்ள 78 வயதுப் பெண்ணுக்கு அதற்கு மேலும் ஆகலாம், வராமலே போகவும் வாய்ப்பு உண்டு. அப்படியானால் அடுத்த வாரம் எப்படி? கழுத்தில் குழாய் போட்டு. அதை உங்களுக்கு யாராவது சொன்னார்களா? சொல்லாமல் கையெழுத்து வாங்குவதற்குப் பெயர் சம்மதம் என்றால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அடுத்து, ஈ.ஜி.எஃப்.ஆர் 11 என்ற எண். அந்த எண்ணைப் பார்த்து மட்டும் டயாலிசிஸ் தொடங்கத் தேவையில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு 10-14 அளவிலும் மறு சாராருக்கு 5-7 வரை காத்திருந்தும் தொடங்கிப் பார்த்தார்கள். 2010இல் முடிவு வந்தது: உயிர் பிழைப்பதில் வேறுபாடு இல்லை. காத்திருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் அறிகுறிகள் வந்ததால் 7க்கு இறங்கும் முன்பே தொடங்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆக, எண்ணைவிட உடம்பு சொல்வதுதான் கணக்கு. மருந்துக்கு அடங்காத பொட்டாசியம், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது, நிற்காத வாந்தி, மயக்கமான பேச்சு, இதய உறையில் அழற்சி: இவை வந்தால் அது வேறு விஷயம்.

உங்கள் அம்மாவுக்கு இப்போது மூச்சு வாங்குவதற்கு 7.8 ஹீமோகுளோபினே பாதிக் காரணமாக இருக்கலாம். மீதி, தேங்கிய நீர். இரண்டுக்கும் டயாலிசிஸ் இல்லாமலே செய்ய நிறைய இருக்கிறது. இரும்புச்சத்தைச் சோதித்து ஈடு செய்து, இரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபாய்ட்டின் ஊசி போட்டு, நீர் பிரியும் மாத்திரையின் அளவைக் கூட்டிப் பார்த்தார்களா?

இனி, யாருக்கும் சொல்லப் பிடிக்காத பகுதி. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் 20,000க்கும் அதிகமானோரின் பதிவுகளை ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார்கள். எல்லோரும் 65 வயதைக் கடந்தவர்கள், ஈ.ஜி.எஃப்.ஆர் 12க்குக் கீழ், மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பரிந்துரைக்கப்படாதவர்கள். உடனே டயாலிசிஸ் தொடங்கியவர்கள், குறைந்தது ஒரு மாதமாவது காத்திருந்தவர்களைவிட மூன்றாண்டுக் காலத்தில் சராசரியாக 9 நாள் கூடுதலாக வாழ்ந்தார்கள். வீட்டில் கழித்த நாட்களோ சுமார் 14 குறைந்தன. பெரும்பாலும் ஆண்கள், வேறு நாடு, வேறு ஏற்பாடு; அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. ஆனால் "உடனே தொடங்காவிட்டால் போய்விடுவார்" என்று சொல்பவர்களிடம் காட்டலாம்.

2007இல் பிரிட்டனில் 75 வயதைக் கடந்தவர்களிடம் செய்த ஆய்வில், டயாலிசிஸ் செய்தவர்கள் மொத்தத்தில் அதிக காலம் வாழ்ந்தார்கள். ஆனால் வேறு நோய்கள் நிறைய இருந்தவர்களிடம், குறிப்பாக மாரடைப்பு வகை இதய நோய் இருந்தவர்களிடம், அந்த ஆதாயம் கரைந்துபோனது. மயிலைவாசி சாரின் அப்பாவுக்கு இதயம் நன்றாக இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். 74, 78 என்ற வயதைவிட இதயம், நடமாட்டம், நினைவு ஆகிய மூன்றும்தான் பெரிய வித்தியாசம் செய்கின்றன. 82 வயதில் டயாலிசிஸ் முடித்துவிட்டு நேராகச் சந்தைக்குப் போகிறவரும் என்னிடம் வருகிறார்.

பொன்மலை டெக்னீஷியன்

திருச்சிப் பக்கம் டயாலிசிஸ் பிரிவில் வேலை. டாக்டர்கள் சொல்லும் நான்கு மணி நேரம், இயந்திரம் ஓடும் நேரம் மட்டும். வண்டி, காத்திருப்பு, எடை பார்ப்பது, ஊசி ஏற்றுவது, முடிந்ததும் இரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடிப்பது எல்லாம் சேர்த்தால் அந்த நாள் போய்விடும். மறுநாள் காலைவரை பிழிந்து போட்ட துணிபோலக் கிடக்கும் பெரியவர்கள் உண்டு. இதயம் பலவீனமானவர்களுக்கு நடுவில் அழுத்தம் சரசரவென்று இறங்கும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். இளம் வயதினர் இதைத் தாங்கி அடுத்த நாள் வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

நன்றாக இருப்பவர்களையும் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆண்டுக்கணக்காக வருகிறார். பத்திரிகை முழுவதையும் படித்து எங்களுக்குச் செய்தி சொல்வார். அவர் தானே கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தவர். அதே அறையில், எதற்காக இங்கே படுக்க வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாத ஒரு பாட்டி குழாயைப் பிடித்து இழுக்கிறார். கையைக் கட்டச் சொல்லி மகனே கேட்கிறார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

எந்த முடிவு எடுத்தாலும், இப்போதே ஒன்று செய்யுங்கள் அண்ணா. அம்மா வலக்கைக்காரர் என்றால் இடக்கையில் இரத்தம் எடுக்கவும் டிரிப்ஸ் போடவும் விடாதீர்கள். பின்னால் தேவைப்பட்டால் அந்தக் கையின் இரத்தக்குழாய் மிஞ்சியிருக்க வேண்டும்.

மூலிகைப்பித்தன்

எதற்கு இவ்வளவு? மூக்கிரட்டை, நெருஞ்சில் கஷாயம் ஒரு மண்டலம் கொடுத்தால் கிரியாட்டினின் இறங்கிவிடும். எங்கள் ஊரில் கண்கூடாகப் பார்த்தது.

நெஃப்ரோ மதுரை

மூலிகைப்பித்தன் ஐயா, நெருஞ்சிலில் பொட்டாசியம் உண்டு, ஈ.ஜி.எஃப்.ஆர் 11 என்ற நிலையில் அது இதயத்தை நிறுத்தலாம். அளவு எழுதாத சூரணத்தில் ஈயமும் பாதரசமும் இருந்து, நன்றாக இருந்த சிறுநீரகமும் கெட்டு வந்தவர்களைப் பார்த்தாயிற்று. தாராபுரத்தான், இளநீரும் வேண்டாம், "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதும் வேண்டாம். அது பொட்டாசியம் உப்புதான். காய்கறியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டுச் சமைக்கச் சொல்லுங்கள்.

வன்னித்தாதி

வணக்கம். நான் வவுனியாவைச் சேர்ந்தவள், லண்டனில் சிறுநீரக நோயாளர் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் காரணம் பிடிபடாத சிறுநீரக நோயால் வயல் செய்கிற குடும்பங்கள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் இந்தத் துறைக்கு வந்தேன்.

இங்கே 75 வயதைக் கடந்தவர்களுக்கு ஈ.ஜி.எஃப்.ஆர் 20 அளவுக்கு இறங்கும்போதே கதைக்கத் தொடங்கிவிடுவோம். ஒருநாளில் முடிவு கேட்பதில்லை. டயாலிசிஸ் செய்வது ஒரு வழி. டயாலிசிஸ் இல்லாமல் முழுச் சிகிச்சை பெறுவது இன்னொரு வழி. இரண்டாவது வழியைத் தேர்ந்தவர்களையும் அதே வைத்தியர், அதே தாதிமார் தொடர்ந்து பார்ப்பார்கள். இரத்தச்சோகைக்கு ஊசி, இரத்தத்தில் கூடும் அமிலத்துக்கு சோடியம் பைகார்பனேட் குளிசை (மாத்திரை), வீக்கத்துக்கு நீர் பிரியும் குளிசை, சொறிவுக்கும் இரவில் கால் குடைச்சலுக்கும் மிகச் சிறிய அளவில் காபாபென்டின், குமட்டலுக்குத் தனி மருந்து. வலிக்குப் பராசிற்றமோல் கொடுக்கலாம். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் பக்கமே போகக் கூடாது. கடுமையான வலிக்கு மோர்பின் கொடுத்தால் அதன் கழிவு உடம்பில் தேங்கிக் குழப்பத்தை உண்டாக்கும். ஃபென்டனில், புப்ரெநோர்பின் போன்றவை அதைவிடப் பாதுகாப்பானவை.

தாராபுரத்தான் அண்ணா, எல்லாவற்றையும் படித்தேன். தம்பி சொல்வது இருக்கிறது, அக்கா சொல்வது இருக்கிறது. அம்மா சொன்னது ஒன்றும் இல்லையே.

மயிலைவாசி

தாதி சகோதரி சொல்வது லண்டனுக்குச் சரி. அங்கே வீட்டுக்கே ஆள் வரும். இங்கே "டயாலிசிஸ் இல்லாத சிகிச்சை" என்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். டாக்டர் "இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்பார். நள்ளிரவில் மூச்சுத் திணறும்போது தொலைபேசியை எடுக்க ஆள் இருக்காது. என் பெரியம்மா அப்படித்தான் போனார். வயதானவருக்குச் செலவு செய்ய மனமில்லாத பிள்ளைகளுக்கு இது நல்ல சாக்காகவும் ஆகிவிடும். வெளிப்படையாகச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

நெஃப்ரோ மதுரை

கோபம் இல்லை. நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. பின்தொடர்ந்து பார்க்க ஆள் இல்லாமல் "டயாலிசிஸ் வேண்டாம்" என்று எழுதி அனுப்புவது கைவிடுவதுதான், அதை நான் வேறு பெயரிட்டு அழகாக்க மாட்டேன். எங்கள் வெளிநோயாளர் வரிசையில் இவ்வளவு பேசுவதற்கு நேரம் இல்லை என்பதும் உண்மை. ஊசி போடக் கட்டணம் உண்டு, குழாய் போடக் கட்டணம் உண்டு, அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுவதற்கு எந்தக் காப்பீட்டிலும் தொகை கிடையாது.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். பெரியவர்களில் பலர் டயாலிசிஸைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. ஒரு இரவு மூச்சுத் திணறி அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள், கழுத்தில் குழாய் ஏறுகிறது, காலையில் கண் விழிக்கும்போது டயாலிசிஸ் நோயாளி ஆகியிருக்கிறார்கள். குழாயில் கிருமி தொற்றிக் குளிர்காய்ச்சல், மறுபடி அனுமதி. அமெரிக்க முதியோர் இல்லங்களில் டயாலிசிஸ் தொடங்கிய 3,702 பேரைப் பற்றிய ஆய்வு 2009இல் வந்தது. ஓராண்டில் 58 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். தொடங்கும் முன் இருந்த அளவுக்கு நடமாட்டத்தையும் தன்வேலையையும் காத்துக்கொண்டவர்கள் 13 சதவீதம் மட்டுமே. இவர்கள் ஏற்கெனவே மிகத் தளர்ந்தவர்கள், இந்த அம்மா அப்படியில்லை. கேட்காமல் தொடங்கும் டயாலிசிஸுக்கும் விலை உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

தமிழ்நாட்டில் ஒன்றுமே இல்லை என்பதும் சரியல்ல. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புச் சிகிச்சை (வலியையும் தவிப்பையும் குறைக்கும் சிகிச்சை) தரும் செவிலியர்கள் இருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிய வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே தரத்தில் நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். முன்கூட்டியே பதிந்து, அந்தச் செவிலியரின் எண்ணை வாங்கி வைத்தவர்களுக்கு நடக்கிறது.

காவேரிக்கரை

யாரும் வயிற்று வழி டயாலிசிஸைப் பற்றிப் பேசவில்லையே. என் வீட்டுக்காரருக்கு 71 வயது. வயிற்றில் சிறு குழாய், இரண்டு லிட்டர் பை, ஒரு நாளைக்கு மூன்று முறை மாற்றுகிறோம். பைகள் அந்தத் திட்டத்திலேயே வீட்டுக்கு வருகின்றன. மருத்துவமனைக்கு மாதம் ஒரு முறைதான் போகிறோம். இதயம் பலவீனமானவர்களுக்கு இது மெதுவாக நீரை எடுப்பதால் நல்லது என்று எங்கள் டாக்டர் சொன்னார்.

சிரமத்தையும் சொல்லிவிடுகிறேன். கை கழுவுவதில் ஒரு நாள் சோம்பல்பட்டாலும் வயிற்றுக்குள் தொற்று வரும். வெளியே வரும் நீர் கலங்கலாக இருந்தால் உடனே ஓட வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, முகக்கவசம் போட்டுச் செய்கிறேன். கண் நன்றாகத் தெரியும் ஒருவர் வீட்டில் எப்போதும் இருக்க வேண்டும். அது பெரும்பாலும் மருமகள் தலையில் விழுகிறது. தாராபுரத்தான் தம்பி, உங்கள் மனைவியிடம் கேட்டீர்களா?

தாராபுரத்தான்

அக்கா, கேட்டேன். "அத்தைக்குச் செய்வேன், ஆனால் பால் கறவையும் பையும் நான் ஒருத்தியே என்றால் முடியாது" என்றாள். நியாயம்தான்.

நேற்று அம்மாவிடம் பேசினேன். எங்கள் குடும்ப டாக்டரை வீட்டுக்கு அழைத்து, அவரையே சொல்லச் சொன்னேன். அம்மா பதறவில்லை. "உப்பு கூடினால் அடுத்து மிஷின்தான் என்று எனக்குத் தெரியாதா? பக்கத்துத் தோட்டத்து ஐயனுக்குச் செய்தார்களே" என்றார். நாங்கள் மூன்று பேரும் மறைத்துக்கொண்டிருந்தது அவரைத் தவிர மற்ற எல்லோரிடமிருந்தும்தான் போலிருக்கிறது. ஆனால் என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு, "நீயே பார்த்து எது செய்தாலும் சரி, கண்ணு" என்று முடித்துவிட்டார். இதற்கு மேல் எப்படிக் கேட்பது?

வன்னித்தாதி

இது நான் கிழமைதோறும் கேட்கிற பதில், அண்ணா. எங்கள் அம்மாமார் அப்படித்தான். அதைத் தட்டிவிடவும் வேண்டாம், அதோடு விட்டுவிடவும் வேண்டாம். பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுப்பது அவருடைய உரிமை. ஆனால் நீங்கள் எதை வைத்து அளக்க வேண்டும் என்பதை அவர்தான் தர வேண்டும்.

சிகிச்சையைப் பற்றிக் கேட்காதீர்கள். நாளைப் பற்றிக் கேளுங்கள். எது நடந்தால் இன்றைக்கு நல்லாய் இருந்தேன் என்று நினைப்பார்? எதைச் செய்ய முடியாமல் போனால் இருந்தும் பயனில்லை என்று நினைப்பார்? சாவைவிட அதிகமாக எதற்குப் பயம்? ஆஸ்பத்திரியில் படுப்பதென்றால் எவ்வளவு தூரம் சம்மதிப்பார்? இதை மேசை போட்டு உட்கார்ந்து கேட்டால் வராது. அவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் இருந்து கேளுங்கள். அக்காவும் இருக்கட்டும், மகனிடம் சொல்லாததை மகளிடம் சொல்வார்கள். வீடியோ அழைப்பை அணைத்துவிடுங்கள், டெட்ராய்ட் தம்பி மன்னிக்க வேண்டும்.

தாராபுரத்தான்

சொன்னபடி செய்தோம். அக்காதான் கேட்டார், நான் தீவனம் போடுகிற சாக்கில் அருகில் நின்றேன்.

சாவுக்குப் பயமில்லை என்றார். அதை எல்லோரும் சொல்வார்கள் என்று நினைத்தேன். பிறகு அவராகவே சொன்னதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அப்பா கடைசியில் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்த இரண்டு இரவுகளைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் எங்களிடம் பேசியதே இல்லை. "அந்த மாதிரி மட்டும் வேண்டாம், அதற்கு ஏதாவது இருந்தால் கொடுங்கள்" என்றார். இன்னொருவர் கழுவிவிடும் நிலை வேண்டாம். கோவைக்கு வாரம் ஒரு முறைகூட வண்டியில் போக முடியாது, மூன்று முறை என்பதைக் கேட்டுச் சிரித்தார். காலையில் சொசைட்டி வண்டி வரும்போது வாசலில் தான் இருக்க வேண்டும்.

அப்புறம் மூன்று கேள்விகள் கேட்டார். ஆரம்பித்தால் நிறுத்தலாமா? செய்தால் இந்தக் கால் கனம் போகுமா? செய்யாவிட்டால் எத்தனை நாள்? மூன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. டாக்டர் ஐயா?

நெஃப்ரோ மதுரை

நான் பார்க்கிற படித்த நோயாளிகளில் பாதிப் பேர் இந்த மூன்றையும் கேட்பதில்லை.

நிறுத்தலாம். எப்போது வேண்டுமானாலும். ஆனால் சிறுநீர் வெளியேறுவது நின்றுபோன பிறகு டயாலிசிஸை நிறுத்தினால் பெரும்பாலானோர் ஒரு வாரம் பத்து நாளில் இறந்துவிடுவார்கள், அதையும் சொல்லித்தான் தொடங்க வேண்டும். "ஒரு மாதம் அல்லது இரண்டு மாதம் செய்து பார்க்கிறோம்" என்று காலம் வைத்துத் தொடங்குவதும் உண்டு. அப்படியானால் எதைப் பார்த்துத் தொடர்வது, எதைப் பார்த்து நிறுத்துவது, யார் அந்தப் பேச்சை எடுப்பது என்று தொடங்கும் முன்பே பேசி எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறுத்தும் பேச்சை யாரும் எடுக்க மாட்டார்கள்.

கால் கனம்: நீரால் என்றால் குறையும். மாத்திரையாலும் உப்பைக் குறைப்பதாலும்கூடக் குறையும். ஊறுகாய், அப்பளம், கருவாடு.

எத்தனை நாள்: ஓராண்டில் 14இலிருந்து 11க்கு வந்திருக்கிறது என்றால் மெதுவாகத்தான் இறங்குகிறது. தேதி யாராலும் தர முடியாது. நாள் கணக்கா, மாதக் கணக்கா, ஆண்டுக் கணக்கா என்று அவரைப் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள். நேர்மையான டாக்டர் அதைச் சொல்வார். இந்த அறிக்கையை வைத்துப் பார்த்தால் நாள் கணக்கு என்று நான் சொல்ல மாட்டேன். இதயம் முந்திக்கொள்ளவும் கூடும். வயதானவர்களில் பலருக்குச் சிறுநீரகம் முழுதாக நிற்கும் முன்பே இதயம்தான் முடிவைச் சொல்கிறது.

டெட்ராய்ட் தம்பி

அண்ணன் இந்த இழையை அனுப்பினான், முழுவதும் படித்தேன். வீடியோ அழைப்பைப் பற்றிச் சொன்னதையும்தான்.

அம்மா வேண்டாம் என்றால் நான் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் மனம் மாறினால்? ஃபிஸ்டுலாவையாவது இப்போதே போட்டு வைத்தால் என்ன? தேவைப்படாவிட்டால் சும்மா இருக்கட்டுமே. எனக்கு இரவில் தூக்கம் வர அது ஒன்று போதும்.

நெஃப்ரோ மதுரை

தம்பி, உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் ஃபிஸ்டுலா சும்மா இருக்காது. தமனி இரத்தம் நேராகச் சிரைக்குத் திரும்புவதால் இதயம் நாள் முழுவதும் கூடுதலாக வேலை செய்ய வேண்டும். 40 சதவீதத்தில் ஓடும் இதயத்துக்கு அது சுமை. போட்ட ஃபிஸ்டுலாவைப் பயன்படுத்தாமலே இறந்துபோகும் முதியவர்களும் நிறைய. மனம் மாறினால் வயிற்று வழிக் குழாயைச் சில வாரங்களில் தயார் செய்யலாம், அல்லது கழுத்துக் குழாயோடு காலம் வைத்துத் தொடங்கலாம். இதை அவருடைய இதய மருத்துவரிடமும் ஒரு சொல் கேளுங்கள். முடிவு எதுவானாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை திரும்பக் கேட்க வேண்டும். இன்று வேண்டாம் என்றவர் நாளை வேண்டும் என்று சொல்லலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நீதிமன்றச் சாலை

வழக்கறிஞர் என்ற முறையில் ஒரு குறிப்பு. நல்ல நினைவோடு இருக்கும் ஒருவர் ஒரு சிகிச்சை வேண்டாம் என்று சொல்வது அவர் உரிமை, கருணைக்கொலையோடு இதைக் குழப்ப வேண்டாம். நினைவு தப்பிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதற்குத்தான் முன்கூட்டிய எழுத்து தேவை. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. நடைமுறை மிகக் கடினமாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். முன்பு மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியிருந்தது. அம்மா சார்பில் பேச ஒருவருக்கு மேற்பட்டவர்களின் பெயரையும் எழுதலாம். இரண்டு மகன்கள் இரண்டு கருத்தில் இருக்கும் வீட்டில் மகளின் பெயரும் இருப்பது நல்லது என்பது என் சொந்த அனுபவம்.

டெட்ராய்ட் தம்பி

இப்போது ஒரே கருத்துதான். ஒரு கேள்வி மட்டும் மிச்சம். இரவு இரண்டு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு முட்டினால் அண்ணன் 108ஐ அழைப்பான். அழைக்காமல் இருக்க அவனால் முடியாது. அவசரப் பிரிவில் இருக்கும் பயிற்சி மருத்துவருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. அப்போது?

வன்னித்தாதி

அழைக்கட்டும், தம்பி. மூச்சுக்கு உதவி தேடி ஆஸ்பத்திரிக்குப் போவதற்கும் டயாலிசிஸுக்குச் சம்மதிப்பதற்கும் தொடர்பில்லை. ஒட்சிசன், நாளத்தில் நீர் பிரியும் மருந்து, படபடப்பைத் தணிக்க மருந்து எல்லாம் கொடுக்கலாம்.

அதற்கு முன் ஒரு தாளில் ஒரு பக்கம் மட்டும்: நோய் என்ன, கடைசி எண்கள், தினசரி மருந்துகள், கொடுக்கக் கூடாத மருந்துகள், டயாலிசிஸ் வேண்டாம் என்று அம்மா சொன்ன தேதியும் கைநாட்டும், சிறுநீரக வைத்தியரின் கையெழுத்தும் தொலைபேசி எண்ணும். இரவில் மூச்சு முட்டினால் முதலில் எந்தக் குளிசை எத்தனை என்று வைத்தியரிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். இரண்டு பிரதி, ஒன்று மருந்துப் பெட்டியில், ஒன்று உங்கள் மனைவியின் கைப்பையில். அப்பாவின் கடைசி இரவுகளைப் பற்றி அவர் சொன்னதை நோய்த்தணிப்புத் தாதியிடம் அப்படியே சொல்லுங்கள். மூச்சுத் திணறலைத் தணிக்கும் மருந்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ள எந்த ஆஸ்பத்திரிக்கு அனுமதி இருக்கிறது என்று இப்போதே விசாரிப்பார். தேவைப்படுகிற இரவில் தேடினால் கிடைக்காது.

மயிலைவாசி

அந்தத் தாளின் மாதிரியை யாராவது தமிழில் தட்டச்சு செய்து இங்கே போட்டால் நானும் எடுத்துக்கொள்வேன். எனக்கும் 69 ஆகிறது, சர்க்கரையும் இருக்கிறது. டயாலிசிஸ் வேண்டும் என்றுதான் எழுதுவேன், அது வேறு.

நெஃப்ரோ மதுரை

"வேண்டும்" என்று எழுதவும் அதே தாள்தான். இரண்டு நாளில் மாதிரி போடுகிறேன்.

தாராபுரத்தான்

திருப்பூரில் ஒரு சிறுநீரக மருத்துவரைப் பார்த்தோம். அம்மாவிடமே பேசினார், என்னிடம் பேசவில்லை. இப்போதைக்கு டயாலிசிஸ் இல்லை. இரும்புச்சத்து குறைவு என்று ஊசி ஏற்றினார்கள், எரித்ரோபாய்ட்டின் வாரம் ஒன்று வீட்டிலேயே போட எழுதிக் கொடுத்திருக்கிறார். ஊர்ச் செவிலியர் போடுவார். மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். ஒரு சந்தேகம்: எங்கள் பக்கம் மின்தடை அதிகம். நான்கு மணி நேரம் ஃபிரிட்ஜ் ஓடாவிட்டால் ஊசி கெட்டுவிடுமா? திருப்பூரிலிருந்து வாங்கி வருவது எப்படி?

பொன்மலை டெக்னீஷியன்

2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் அண்ணா. நடுத் தட்டில் வையுங்கள், கதவில் வேண்டாம், மேலே உறையும் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. உறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஃபிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் நான்கு மணி நேரத் தடையைப் பெரும்பாலும் தாங்கும், ஆனாலும் பக்கத்தில் ஒரு சிறு வெப்பமானி வைத்துப் பாருங்கள். வாங்கி வர, மருந்துக்கடையில் ஜெல் பை கேளுங்கள், ஊசியும் பையும் நேராகத் தொடாதபடி நடுவில் ஒரு துணி சுற்றுங்கள். மாதத்துக்குச் சேர்த்து வாங்காமல் இரண்டிரண்டாக வாங்குங்கள். ஊசி போடும் முன் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள், அதிகமாக இருந்தால் அன்றைக்குப் போடாமல் டாக்டரை அழைத்துக் கேட்க வேண்டும்.